ஏத்தத்துல கியர் குறைக்க ஏன் இவ்வளவு வெட்கம்?

கியர் சைக்கிள் வச்சிருக்கிற நண்பர்களுக்கு ஒரு கேள்வி. மேடு வந்தா கியரைக் குறைப்பீங்களா? இல்ல, "அதெல்லாம் வயசானவங்களுக்கு" என்று பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிற கியரிலேயே மிதிப்பீங்களா?

முட்டி வலி என்று வரும் நாற்பது வயதுக்காரர்கள் சைக்கிள் ஓட்டுபவர்கள் என்று தெரிந்தால் இதைக் கட்டாயம் கேட்பேன். பதில் பெரும்பாலும் இரண்டாவதுதான். 21 கியருக்குக் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள். அதில் மூன்றைத் தாண்டித் தொட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வெட்கத்துக்கு வயசு 120க்கு மேல. அது எங்கே பிறந்தது, யார் வளர்த்தார்கள் என்பதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

பிரான்சில் செயின்ட் எட்டியென் என்று ஒரு ஊர். நிலக்கரி, துப்பாக்கி, பட்டு ரிப்பன், இதெல்லாம்தான் ஒரு காலத்தில் அந்த ஊரின் பிழைப்பாக இருந்தது. ஊரை விட்டுத் தெற்கே கிளம்பினால் உடனே ஏற்றம் ஆரம்பித்துவிடும். பிலா மலைகள். இருபுறமும் ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடு, நடுவில் வளைந்து ஏறும் சாலை. உச்சியில் 1161 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். அரசாங்கப் பெயர் ரெபுப்ளிக் கணவாய். இன்னொரு பெயர் "பெருங்காட்டுக் கணவாய்". எனக்கு இரண்டாவது பெயர்தான் பிடிக்கும். அந்த முகட்டின் வடக்குச் சரிவில் விழும் மழை அட்லாண்டிக் கடலுக்குப் போகிறது, தெற்கில் விழுவது மத்தியதரைக் கடலுக்கு.

அந்த ஊரில் பட்டு வியாபாரம் பார்த்தவர் பால் தெ விவி. 1853ல் பிறந்தவர். முப்பதை நெருங்கும்போது சைக்கிள் பைத்தியம் பிடித்தது. கொஞ்ச காலத்தில் வியாபாரத்தை விட்டுவிட்டு சைக்கிள் கடை போட்டார், 1887ல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். அதில் எழுத வைத்துக்கொண்ட புனைபெயர் வெலோசியோ. இன்று பிரான்சில் சைக்கிள் ஊர்சுற்றிகள் அவரை அந்தப் பெயரில்தான் நினைக்கிறார்கள்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1889 வாக்கில் இதே காட்டுச் சாலையில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கிறார். பின்னாலிருந்து அவருடைய பத்திரிகை வாசகர் ஒருவர், வாயில் புகைபிடிக்கும் பைப்போடு, சாவகாசமாக அவரைத் தாண்டிப் போகிறார். (நுரையீரல் பார்க்கிற மருத்துவர்கள் இந்த வரியை மன்னிக்கணும்.) நம்மில் பலர் அந்த இடத்தில் இன்னும் வேகமாக மிதித்து மானத்தைக் காப்பாற்றப் பார்ப்போம். வெலோசியோ வீட்டுக்குப் போய் பல்சக்கரத்தைப் பற்றி யோசித்தார்.

அன்றைய சைக்கிளில் கியர் ஒன்றே ஒன்று. சமவெளிக்கு ஏற்றமாதிரி வைத்தால் மேட்டில் சாவு. மேட்டுக்கு ஏற்றமாதிரி வைத்தால் சமவெளியில் கால் காற்றில் சுத்தும். அவர் முன்னால் இரண்டு பல்சக்கரம் வைத்தார். மேடு வந்ததும் இறங்கி, கையாலேயே செயினைத் தூக்கிச் சின்னதில் மாட்ட வேண்டும். கை முழுக்க கிரீஸ். ஆனாலும் வேலை செய்தது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் சோதித்துப் பார்த்த கியர் அமைப்புகளுக்குக் கணக்கே இல்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளிவிடும் கருவி, இன்று நாம் டீரெய்லர் என்கிறோமே, அது வளர்ந்த முக்கியமான ஊர்களில் செயின்ட் எட்டியென்னும் ஒன்று. கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான் என்று சொல்வது தவறு. அதை வேலைக்காகும் பொருளாக ஊர்முழுக்கப் பேசவைத்தவர் என்று சொல்லலாம்.

இங்கே கொஞ்சம் உடம்புக் கணக்கு பார்த்துவிடுவோம், இது புரிந்தால்தான் பின்னால் வரும் சண்டை புரியும்.

12 கிலோமீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கியரில் பெடல் ஒரு சுற்றுக்கு 5 மீட்டர் போகும். மேலே போக 2400 சுற்று. சின்னக் கியரில் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர்தான். 6000 சுற்று. உங்கள் எடையையும் சைக்கிளையும் மேலே தூக்கும் மொத்த வேலை இரண்டிலும் ஒன்றே. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் கால் கொடுக்க வேண்டிய அழுத்தம் இரண்டரை மடங்கு வித்தியாசப்படும். கடையிலிருந்து அரிசியை 25 கிலோ மூட்டையாகச் சுமப்பதா, பத்துப் பத்து கிலோவாக அதிக நடை நடப்பதா என்கிற கணக்குதான். அழுத்தம் கூடக் கூட முட்டிச்சில்லு தொடை எலும்பின் மேல் அதிகமாக நெரிபடும். இதயம் சில நிமிட ஓய்வில் சமாதானமாகிவிடும். முட்டிக்கு ஞாபகசக்தி அதிகம்.

இப்போ வில்லன் வரார். வில்லன் என்று முழுசா சொல்லவும் மனசு வரல, மனுஷன் பெரிய ஆள்தான்.

ஆன்ரி தெக்ராஞ்ச். 1893ல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி முதல் அதிகாரபூர்வ சாதனையைப் படைத்தவர். பிறகு பத்திரிகை ஆசிரியர். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் அதைக் கட்டி ஆண்டவர்.

1902ல் பிரெஞ்சு சுற்றுலா சைக்கிள் சங்கம் பிரனீஸ் மலைகளில் சைக்கிள்களுக்கு ஒரு பெரிய சோதனை ஓட்டம் நடத்தியது. அதில் மார்த் ஹெஸ் என்ற பெண் மூன்று கியர் சைக்கிளில் அந்த மலைப் பாதையை ஓட்டிமுடித்தார். கியர் கட்சிக்காரர்கள் கொண்டாடினார்கள். அந்த ஆண்டு தெக்ராஞ்ச் எழுதியதன் சாரம் இதுதான்: கியர் எல்லாம் 45 வயசைத் தாண்டியவர்களுக்கு, கருவியின் தந்திரத்தால் ஜெயிப்பதைவிடத் தசை பலத்தால் ஜெயிப்பதுதான் அழகு, நாம் மென்மையாகிக்கொண்டே போகிறோம்.

இதை எழுதியபோது அவருக்கு 37 வயது. வெலோசியோவுக்கு 49.

அடுத்த வருஷம், 1903 ஜூலையில், முதல் டூர் டி பிரான்ஸ். 60 பேர் கிளம்பி 21 பேர் முடித்தார்கள். லியோனிலிருந்து மார்செய் போன இரண்டாம் கட்டம் நம்ம பெருங்காட்டுக் கணவாய் வழியாகத்தான் போனது. டூரின் முதல் மலை 1905ல் ஏறிய பலோன் தல்சாஸ் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். உயரத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் இருபது மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. பெருங்காட்டுக் கணவாய்க்கு அநியாயம் நடந்திருக்கிறது என்பது என் கட்சி.

1904ல் அதே காடு. நள்ளிரவு தாண்டிய இருட்டு. உள்ளூர் வீரர் அல்ஃப்ரெட் ஃபோர் முன்னால் போனதும், மரங்களுக்கு இடையில் காத்திருந்த அவருடைய ரசிகர் கூட்டம் பின்னால் வந்தவர்கள் மேல் பாய்ந்தது. முந்தைய வருஷ சாம்பியன் மோரிஸ் காரேனுக்கு அடி. இத்தாலிக்காரர் ஜெர்பிக்கு விழுந்த அடியில் அவர் பந்தயத்தையே விட வேண்டியதாயிற்று. துப்பாக்கியால் சுட்டுத்தான் கூட்டத்தைக் கலைத்தார்கள். நம்ம ஊர் எல்லாம் தேவலை என்று தோணுதா?

பந்தயம் இப்படிப் போய்க்கொண்டிருக்க, வெலோசியோ ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை விடுமுறைகளிலும் நண்பர்களோடு அதே சாலைகளில், போக்குவரத்து இல்லாத மலைக்கிராமங்கள் வழியாக, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிக்கொண்டிருந்தார். சைவ உணவுக்காரர். அவர் வகுத்த விதிகளைப் படித்தால் ஒரு நல்ல குடும்ப மருத்துவர் சொல்வது மாதிரியே இருக்கும். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி. சாப்பிடவும் தூங்கவும் முடியாத அளவுக்குக் களைக்காதே. முதல் சில மணி நேரம் வேகத்தை அடக்கு. வீம்புக்காக மிதிக்காதே.

தாகம் விஷயத்தில் இன்றைய மருத்துவம் கொஞ்சம் வேறுபடும். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. மற்றதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பந்தய வீரர்கள் இந்தக் காலம் முழுக்க என்ன செய்தார்கள்? பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறுவேறு பல்சக்கரம். மேடு வந்தால் இறங்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பி மாட்டி, மறுபடி ஓட்டணும். இத்தாலியில் 1927 நவம்பரில் ஒரு மலைப் பந்தயம். துல்லியோ கம்பனோலோ என்ற வீரர் பனியில் விரல் மரத்துப்போய் நட்டைத் திருக முடியாமல் தோற்றார் என்று சொல்வார்கள். குளிரில் விரல் நுனிக்கு ரத்தம் குறையும், நுண்ணிய வேலை முதலில் போகும். சட்டை பட்டன்கூடப் போட வராது. அந்த எரிச்சலில்தான் ஒரு நெம்பில் சக்கரத்தைக் கழற்றும் லீவரை அவர் உருவாக்கினாராம். பின்னாளில் கம்பனோலோ கம்பெனி என்னவானது என்று சைக்கிள்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டூரின் முன்னணி வீரர்களுக்கோ டீரெய்லர் கடைசிவரை கிடையாது. மனுஷன் மலையை வெல்லணும், மெஷின் வெல்லக் கூடாது. இந்தத் தத்துவம் கேட்க நல்லாத்தான் இருக்கும். என் நோயாளிகள் கைத்தடியை வேண்டாம் என்பதும், காதுக் கருவியை டிராயரில் போட்டு வைப்பதும் இதே தத்துவத்தில்தான். விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பிறகு தடியோடு வருவார்கள்.

1936. தெக்ராஞ்சுக்கு 71 வயது. அறுவை சிகிச்சை முடிந்து ஆறாத உடம்போடு, கூடவே ஒரு டாக்டரை வைத்துக்கொண்டு, பந்தயத்தின் பின்னால் காரில் கிளம்பினார். இரண்டாம் நாளே வலி தாங்காமல் திரும்ப வேண்டியதாயிற்று. பொறுப்பு ஜாக் கொதே என்ற இளைஞரிடம் போனது. அடுத்த வருஷமே, 1937ல், டீரெய்லருக்கு அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டு ரோஜர் லபேபி அதைப் பயன்படுத்தி ஜெயித்தார்.

வெலோசியோ அதைப் பார்க்க இல்லை. 1930ல், 76 வயதில், செயின்ட் எட்டியென் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது டிராம் மோதி இறந்துபோனார். அவர் உயிரோடிருந்தபோதே, 1922ல், அவர் பெயரால் அந்தக் காட்டுச் சாலையில் ஒரு மலையேற்ற விழா தொடங்கியிருந்தார்கள். கணவாயின் உச்சியில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

சரி, உங்க சைக்கிளுக்கு வருவோம். ஏத்தத்துக்கு முன்னாடியே கியரைக் குறைங்க, பாதி மேட்டில் செயின் இறுகின பிறகு மாத்தினா கரகரன்னு கத்தும். நிமிஷத்துக்கு 70, 80 சுற்று கால் சுலபமா சுத்துதான்னு பாருங்க. சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தாலும் முட்டிக்கு முன்பக்கம் வலிக்கும், அதையும் சரிபார்க்கணும். இருக்கிற கியர் போதலைன்னா சைக்கிள் கடையில் பின்பக்கம் 32 பல்லோ 34 பல்லோ உள்ள பெரிய பல்சக்கரம் உங்க வண்டிக்குப் பொருந்துமான்னு கேளுங்க. இவ்வளவுக்குப் பிறகும் முட்டி வீங்கினாலோ, நடக்கும்போது சட்டென்று மாட்டிக்கொண்டாலோ, மடங்கி விழப் பார்த்தாலோ கடையில் கேட்காதீங்க. எலும்பு மருத்துவரைப் பாருங்க.