மரக்காணம் உப்பளங்களும் பருப்பொருளின் மாற்றங்களும்

மரக்காணம் என்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே அமைந்துள்ள கடற்கரை ஊர் ஆகும். வங்காள விரிகுடா, கழுவேலி ஏரி, பக்கிங்காம் கால்வாய் ஆகிய மூன்றும் அருகருகே அமைந்த இவ்வூர் உப்பு உற்பத்திக்குப் பெயர் பெற்றது. பருப்பொருளின் பண்புகள், இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் எனப் பள்ளி வேதியியலின் முதல் பாடங்களில் வரும் கருத்துகள் பலவற்றை இங்குள்ள உப்பளங்களில் நேரில் காணலாம். நாட்டு வரலாற்றின் போக்கையும் இப்பண்புகள் பாதித்துள்ளன.

பழங்கால வரலாறு

சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அந்நூலில் கூறப்படும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்றும், செங்கடல் வழிப் பெரிப்ளூசு எனும் கிரேக்கப் பயண நூலில் வரும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

சங்க இலக்கியத்தில் உப்பு நெய்தல் நிலத்தின் விளைபொருள். உப்பு வணிகர் உமணர் எனப்பட்டனர். அவர்கள் உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றினர். உப்பு விளையும் இடத்தின் பெயர் அளம். இச்சொல்லே இன்றைய ‘உப்பளம்’ என்பதில் வாழ்கிறது. சோழர் காலத்தில் பெரிய உப்பளம் பேரளம் எனவும், உப்பின் மீதான வரி உப்பாயம் எனவும் வழங்கின. மரக்காணம் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன.

பாத்தியில் நிகழும் மாற்றம்

கடல்நீர் ஒரு கலவை. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும்; அவற்றுள் சுமார் 27 கிராம் சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு. கலவையின் கூறுகளை இயற்பியல் முறையில் பிரிக்க இயலும். உப்பளத்தில் நடப்பது இதுவே.

உவர்நீர் முதலில் ஆழமற்ற பெரிய பாத்திகளில் தேக்கப்படுகிறது. வெயிலாலும் காற்றாலும் நீர் ஆவியாக, எஞ்சிய நீரின் அடர்த்தி கூடுகிறது. பின்னர் அது அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றப்பட்டு, இறுதியில் மிதித்து இறுக்கிய களிமண் தரையுள்ள பாத்திகளில் படிகமாகிறது. நீரின் செறிவைத் தொழிலாளர் ‘டிகிரி’ கணக்கில் கூறுவர். இது போமே எனும் பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால் வழங்கும் அளவீடு. கடல்நீர் ஏறத்தாழ 3.5 டிகிரி, உப்பு விளையத் தொடங்குவது ஏறத்தாழ 25 டிகிரியில்.

இம்மாற்றத்தில் புதிய பொருள் எதுவும் உருவாவதில்லை. நீர் நீராவியாகிறது, கரைந்திருந்த உப்பு படிகமாகிறது. படிகத்தை நீரிலிட்டால் மீண்டும் கரையும். எனவே இது இயற்பியல் மாற்றம் ஆகும்.

வரிசையாகப் பிரியும் உப்புகள்

கடல்நீரிலுள்ள உப்புகள் ஒரே நேரத்தில் படிவதில்லை. ஒவ்வொன்றின் கரைதிறனும் வேறுபடுவதே காரணம். மத்தியதரைக் கடல்நீரை ஆவியாக்கி இவ்வரிசையை உசிக்லியோ என்பவர் 1849ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார்.

நீரின் கன அளவு ஏறத்தாழப் பாதியாகும்போது கால்சியம் கார்பனேட்டு படியத் தொடங்குகிறது. ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்காகும்போதுதான் சமையல் உப்பு படிகமாகத் தொடங்குகிறது. சுமார் 30 டிகிரிக்கு மேல் மக்னீசியம் உப்புகள் மிகுந்த கசப்பு நீர் எஞ்சும். அதற்குள் உப்பை வாரிவிட வேண்டும். தாமதித்தால் உப்பில் கசப்பு ஏறும். மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் உப்பு எளிதில் கசியும். எந்த நாளில் பாத்தியைத் திறப்பது, எப்போது வாருவது என்ற தொழிலாளரின் அனுபவ அறிவுக்கு அடிப்படை இந்தக் கரைதிறன் வேறுபாடே.

கசப்பு நீர் வீண்பொருள் அன்று. 1826ஆம் ஆண்டில் அந்துவான் பலார், பிரான்சின் மோன்பெலியே பகுதி உப்பளங்களின் கசப்பு நீரிலிருந்தே புரோமின் எனும் தனிமத்தைக் கண்டறிந்தார். கசப்பு நீருடன் குளோரினைச் சேர்க்கும்போது, அதிலுள்ள புரோமைடு புரோமினாக மாறுகிறது. புதிய பொருள் உருவாவதால் இது வேதியியல் மாற்றம். அவ்வாறே உப்பை எவ்வளவு நுண்மையாக அரைத்தாலும் அதிலிருந்து சோடியம் தனியே பிரியாது. உருக்கிய உப்பில் மின்சாரம் செலுத்தினால்தான் சோடியமும் குளோரினும் பிரியும். சோடியம் நீருடன் தீவிரமாக வினைபுரியும் உலோகம். குளோரின் நச்சு வாயு. இவை சேர்ந்த சேர்மமோ அன்றாட உணவுப் பொருள். சேர்மத்தின் பண்பு அதன் தனிமங்களின் பண்பிலிருந்து வேறுபடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வெயிலா, விறகா?

சமையல் உப்பின் கரைதிறன் வெப்பநிலையால் அதிகம் மாறுவதில்லை. 100 கிராம் நீரில் 0 டிகிரி செல்சியசில் சுமார் 36 கிராமும், 100 டிகிரி செல்சியசில் சுமார் 39 கிராமும் கரையும். ஆகவே கரைசலைக் குளிர்வித்து உப்பைப் பெறுவது பயன் தராது. நீரை ஆவியாக்கியே தீர வேண்டும். ஒரு கிலோ உப்புக்கு ஏறத்தாழ 35 கிலோ நீர் ஆவியாக வேண்டும். ஒரு கிலோ நீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் ஆற்றல் தேவை. இந்த ஆற்றலை விறகால் பெற வேண்டுமானால், வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டாலும், ஒரு கிலோ உப்புக்கு ஐந்து கிலோவுக்கும் மேல் விறகு எரிக்க நேரிடும்.

வங்காளக் கடற்கரையில் ஆற்று நீர் கலந்து கடல்நீர் நீர்த்திருக்கும். காற்றில் ஈரமும் மிகுதி. எனவே அங்கு உவர்நீரை விறகால் காய்ச்சி உப்பு எடுத்தனர். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செசயர் பகுதி உப்பு லிவர்பூல் துறைமுகம் வழியே கல்கத்தாவில் வந்து குவிந்தபோது அத்தொழில் நலிந்தது. சோழமண்டலக் கடற்கரையிலோ ஆற்றலை வெயில் விலையின்றித் தந்தது, தொழில் நிலைத்தது.

வரியும் கால்வாயும்

வெயிலில் எவரும் எடுக்கக்கூடிய பொருளுக்கு வரி வாங்க வேண்டுமானால், அதை எடுப்பதையே தடை செய்ய வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1805ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கியது. 1882ஆம் ஆண்டின் இந்திய உப்புச் சட்டம் அரசின் பிடியை மேலும் இறுக்கியது. கடல்நீரை ஒரு பானையில் காய்ச்சுவதும் குற்றமாயிற்று.

வடக்கே ஆந்திரக் கடற்கரையிலிருந்து மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாய் 1806ஆம் ஆண்டில் தொடங்கிப் படிப்படியாக வெட்டப்பட்டது. 1876-78 பெரும் பஞ்ச காலத்தில் நிவாரணப் பணியாகவும் அது விரிவாக்கப்பட்டது. உப்பும் விறகும் இதன் வழியே படகுகளில் சென்னைக்குச் சென்றன.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு வேதாரணியம் சென்றனர். ஏப்ரல் 30 அன்று அங்கு உப்பு அள்ளிய இராஜாஜி கைதானார். உப்பு வரி 1947ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

மழையும் மீள் மாற்றமும்

இயற்பியல் மாற்றங்கள் பல மீளக்கூடியவை. பாடநூலில் இது ஒரு வரி. உப்பளத் தொழிலாளருக்கோ பிழைப்பு. பருவம் தவறி ஒரு மழை பெய்தால், பல வாரங்கள் உழைத்துச் செறிவூட்டிய நீர் நீர்த்துப்போகும். விளைந்த படிகங்கள் கரைந்துவிடும். பாத்திகளைச் சீர்செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உற்பத்தி முற்றிலும் நின்றுவிடும். இம்மாதங்களில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கியது.

விளையும் பருவத்தில் சிக்கல் வேறு. வெண்ணிற உப்பும் நீர்ப்பரப்பும் வெயிலை எதிரொளிப்பதால் கண்கள் கூசும். உவர்நீரில் நெடுநேரம் நிற்பதால் கால் தோல் வெடிக்கும். நீரை ஆவியாக்கும் அதே வெயிலில் நின்றுதான் உப்பை வாரிக் குவிக்க வேண்டும்.

உப்பின் விலையில் வெயிலுக்குக் கணக்கில்லை. அந்த வெயிலில் நிற்கும் மனிதரின் உழைப்பையும் அவ்வாறு கணக்கில் விட்டுவிடலாகாது.