டி.டி.பி: விஷத்தைத் தேடிய கதை

நியூயார்க்கில் 16 வயதுப் பெண் ஒருத்தி. திடீர்க் காய்ச்சல், இரத்தசோகை, பக்கவாதம், பிறகு கோமா. சுமார் இரண்டு வாரத்தில் இறந்துபோனாள். உடலைப் பரிசோதித்தபோது நுண்ணிய இரத்தக் குழாய்களில் அடைப்புகள். ஏதோ விஷம்தான் காரணம் என்று நினைத்தார், 1924-ல் இதைப் பதிவு செய்த டாக்டர் மாஷ்கோவிட்ஸ். அந்த நோய்தான் இன்றைய டி.டி.பி. (முழுப்பெயர் வாயில் நுழையாது, விடுங்கள்!)

1966-ல் அமோரோசி, உல்ட்மன் இருவரும் 271 நோயாளிகளின் விவரங்களை அலசி ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள்: சிவப்பணுக்கள் உடைதல், தட்டணுக் குறைவு, மூளைப் பாதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு, காய்ச்சல். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் ஐந்தும் சேரட்டும் என்று காத்திருந்தால் ஆள் மிஞ்சமாட்டார். சிகிச்சை இல்லையென்றால் பத்தில் ஒன்பது பேர் இறந்துவிடுவார்கள். பிளாஸ்மாவை மாற்றினால் பெரும்பாலோர் பிழைப்பார்கள் என்று 1991-ல் கனடா ஆய்வு காட்டியது. அதன்பின், முதல் இரண்டு அடையாளங்கள் இருந்து வேறு காரணம் தெரியாவிட்டாலே சிகிச்சையைத் தொடங்கலாம் என்றானது.

சரி, அந்த விஷம்? 1982-ல் மோக் குழுவினர் சில நோயாளிகளின் இரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் என்ற புரதம் மிக நீளமான சரங்களாக இருப்பதைக் கண்டார்கள். தட்டணுக்கள் அந்தச் சரங்களில் ஒட்டிக்கொண்டு குழாயை அடைக்கின்றன. சரத்தை நறுக்க வேண்டிய நொதி ஆடம்ஸ்-13. பெரும்பாலான நோயாளிகளுக்கு அவர்கள் உடலே எதிர்ப்பொருளை உண்டாக்கி அதை முடக்கிவிடுகிறது. ஆக, மாஷ்கோவிட்ஸ் இரத்தத்தில் கூடிப்போன ஒன்றைத் தேடினார். அங்கே இருந்ததோ ஒரு குறை!

இன்று அந்த நொதியின் செயல்பாடு 10 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் டி.டி.பி. ஏறக்குறைய உறுதி. முடிவு வர நாட்கணக்கில்கூட ஆகலாம். அதுவரை சிகிச்சை காத்திருக்காது. பரிசோதனைக்கான இரத்தத்தை மட்டும் பிளாஸ்மா ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவைக்கிறார்கள். தானமாக வரும் பிளாஸ்மாவில் அந்த நொதி இருக்குமல்லவா?