பள்ளு முதல் பதிவேடு வரை: நெல் எழுதும் தேர்வு

பாக் நீரிணைக் கரையில், மணமேல்குடி வட்டத்தில் அமைந்த ஜெகதாப்பட்டினத்தை விசைப்படகுத் துறையாகவே பலரும் அறிவர். ஆயின் இவ்வட்டாரத்தில் கடலை விட்டு உள்ளே சென்றால் கண்மாய்ப் பாசனமும் மானாவாரி நெல்லும் உண்டு. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் வறட்சி, மிகுந்தால் வெள்ளம், கடலோர வயலாயின் உவர் வேறு. இத்தகைய மண்ணுக்கு உகந்த நெல் எது என்பதை யார், எங்ஙனம் முடிவு செய்கின்றனர்? அவ்வரலாற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

நெல்லைப் பெயரிட்டுப் பட்டியலிடுதல் தமிழுக்குப் புதிதன்று. சங்கப் பாடல்கள் ஐவனம், தோரை, செந்நெல், வெண்ணெல் எனப் பிரித்துரைக்கின்றன. முக்கூடற்பள்ளு முதலிய பள்ளு நூல்கள் விதைநெல்லின் பெயர்களை அடுக்கிச் செல்வதை வாசகர்கள் அறிவீர்கள். அப்பட்டியல்களுக்குப் பின்னே இருந்தது தலைமுறை தலைமுறையாக உழவர் வைத்த தேர்வு. நாகை, இராமநாதபுரக் கடலோரங்களில் உவரைத் தாங்கும் நெல்லெனப் பெயர்பெற்ற குழியடிச்சான் அவ்வாறு தேறியதே.

அரசு வைக்கும் தேர்வின் வரலாறு 1912இல் கோவையில் நிறுவப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தொடங்குகிறது. கிச்சிலிச் சம்பா எனப் புகழ்பெற்ற ஜி.இ.பி. 24 அங்கிருந்து 1921இல் வெளிவந்தது. அதனை ஜப்பானிய நோரின் 10 உடன் கலந்ததில் பிறந்ததே 1960களில் தஞ்சையின் குறுவை வயல்களில் பரவிய ஆடுதுறை 27. கோ 18 உடன் கலந்ததில் பிறந்தது திருர்க்குப்பத்து டி.கே.எம். 6, அதன் வழித்தோன்றலே ஐ.ஆர். 20.

1965இல் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் மேம்பாட்டுத் திட்டம் உருவாயிற்று. ஒரே நெல்லை நாட்டின் பல மண்களில் ஒருசேர விதைத்து ஒப்பிடுவதே அதன் நோக்கம். 1966இல் விதைச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 வெளியாயிற்று. விளைச்சலில் அது வியப்பூட்டியது. ஆயினும் பாக்டீரிய இலைக்கருகலுக்கும் துங்ரோ நோய்க்கும் எளிதில் இரையானது. விளைச்சல் ஒன்றே தேர்வாகாது என்பதை அது உணர்த்திற்று.

இன்றைய நடைமுறை வருமாறு. ஆராய்ச்சி நிலையத்தில் தேறிய வளர்ப்பு, பல இடங்களில் பல பருவங்கள் சோதிக்கப்படுகிறது. பின்னர் உழவர் வயலிலும் விதைத்துப் பார்க்கின்றனர். ஏற்கெனவே வழக்கிலுள்ள சிறந்த இரகத்தை அது விஞ்ச வேண்டும். அதன்பின்பே வெளியீட்டுக் குழுவின் பரிந்துரையும் அரசிதழ் அறிவிக்கையும். 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் பதிவேடு இதனின் வேறானது. தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை முதலியவற்றையே அது நோக்கும். வயலில் பயன் தருமா என்று வினவாது. உழவரின் மரபு இரகங்களையும் அதில் பதியலாம் என்பது நமக்குப் பெருமை.

இனி விரைவுக்கு வருவோம். 2018இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நாளொன்றுக்கு 22 மணி நேரம் ஒளியூட்டி, கோதுமையில் ஆண்டுக்கு 6 தலைமுறை வரை காணலாம் என்று காட்டினர். 2025 மே மாதம், மரபணுத் திருத்தம் செய்த இரு நெல் இரகங்களை நடுவண் அரசு அறிவித்தது. அவற்றுள் பூசா டி.எஸ்.டி. நெல் 1, வறட்சியையும் உவரையும் தாங்குவதெனக் கூறப்பட்டது. களத் தேர்வின் தரவுகள் அவ்வுரிமைகோரலுக்குத் துணைநிற்கவில்லை என மரபணு மாற்றமற்ற இந்தியாவுக்கான கூட்டமைப்பு அதே ஆண்டு அக்டோபரில் குற்றஞ்சாட்டியது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மறுத்தது.

இவ்வழக்கில் தீர்ப்புரைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் ஒன்று தெளிவு: வளர்ப்பறையில் ஆண்டுக்கு ஆறு தலைமுறை காணலாம், வடகிழக்குப் பருவம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். வறட்சி, வெள்ளம் இரண்டையும் ஒரு நெல் கண்டு தேற, அவை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். மண்ணும் அவ்வாறே. திருச்சியில் களர் நிலத்துக்கெனத் தேறிய நெல், கடலோர உவர் நிலத்திலும் தேறும் எனக் கொள்ளலாகாது. களர் வேறு, உவர் வேறு. மானாவாரிக்கெனப் பரமக்குடியில் உருவாகி 2009இல் வெளிவந்த அண்ணா 4 போல, அந்தந்த நிலத்துக்கென வைக்கும் தேர்வே பொருளுடையது.

விரைந்து பிறக்கும் இரகங்களைக் குறை கூறுவானேன்? பருவங்கள் தாறுமாறாகும் இக்காலத்தில் அவை வேண்டுவனவே. ஆனால் இனப்பெருக்கத்தில் மிச்சமாகும் ஆண்டுகளைத் தேர்வுக் களங்களைக் கூட்டுவதில் செலவிட வேண்டும். அக்களங்களுள் சில ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோரங்களிலும் அமைய வேண்டும். இல்லையேல் எஞ்சிய தேர்வு உழவரின் வயலில், அவர் வாங்கிய கடனில் நடக்கும். பள்ளு பாடிய காலத்து உழவருக்குத் தம் நெல்லைச் சோதிக்கத் தலைமுறைகள் இருந்தன. இன்றைய உழவருக்கு இருப்பதோ ஒரு பருவம்.