களர் நிலத்தில் மணிச்சத்து: ‘ரே’ குழு முதல் கர்னால் வரை

வட இந்தியச் சமவெளியின் களர் நிலங்களைப் பற்றிய விசாரணைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. அதில் மணிச்சத்து உரிய கவனம் பெற்றதோ கடைசி ஐம்பது ஆண்டுகளில்தான். மேற்கு யமுனைக் கால்வாயை ஒட்டிய முனக் கிராமத்தார், வயல்களில் உப்புப் பூத்து விளைச்சல் கெடுவதாக 1855இல் முறையிட்டார்கள். 1870களில் அரசு ஒரு குழுவை அமைத்தது. வெள்ளையாகப் பூக்கும் அந்த உப்பின் உள்ளூர்ப் பெயரால் அது ‘ரே’ குழு எனப்பட்டது. உப்பு எங்கிருந்து வருகிறது, கால்வாய்க்கு அதில் எவ்வளவு பங்கு என்பவையே அன்று எழுந்த கேள்விகள்.

கலிபோர்னியாவில் மண் அறிவியலாளர் ஹில்கார்ட் இன்னொரு வழியில் போனார். சோடியம் கார்பனேட்டைச் சோடியம் சல்பேட்டாக மாற்ற ஜிப்சம் போதும் என்று அவர் காட்டினார். ஆஸ்திரேலிய உப்புச்செடியைக் களர் நிலத் தீவனமாகப் பரிந்துரைத்தவரும் அவரே. பின்னர் அதே மாநிலத்தில் ஃப்ரெஸ்னோ அருகே கெல்லி நடத்திய சோதனைகளில் அறுகம்புல்லே களர் நிலத்தைத் திருத்தத் துணைசெய்தது. இவ்வளவு நடந்தும் தீவனப் பயிர் உப்பைத் தாங்குமா என்பதுதான் அளவுகோலாக இருந்தது. அதற்கு எந்தச் சத்து கிடைக்கிறது என்பது பின்னுக்கே நின்றது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மணிச்சத்து கால்சியத்தோடு பிணைந்து கிடக்கும் என்பது பொதுப்பாடம். களர் மண்ணிலும் அடியில் சுண்ணாம்புக் கட்டிகள் உண்டு. ஆகவே அங்கும் மணிச்சத்துப் பஞ்சமே இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான்.

1948இல் பிராட், தோர்ன் ஆகியோரின் ஆய்வு இந்த எதிர்பார்ப்பை அசைத்தது. கால்சியம் மேலோங்கிய கரைசலில் அடங்கிக் கிடக்கும் பாஸ்பேட் வடிவ மணிச்சத்து, சோடியம் மேலோங்கும்போது தாராளமாகக் கரைகிறது என்று அது காட்டியது. 1954இல் அமெரிக்க வேளாண் துறை இரண்டு முக்கிய வெளியீடுகளைக் கொண்டுவந்தது. ரிவர்சைடு உவர் ஆய்வகத்தின் கையேடு உவருக்கும் களருக்கும் எல்லை வகுத்தது: மின் கடத்துதிறன் 4ஐத் தாண்டினால் உவர், பரிமாற்றச் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டினால் களர். மற்றொன்று, ஓல்சனும் அவர் குழுவினரும் வகுத்த மணிச்சத்துச் சோதனை.

அந்தச் சோதனையைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 5 கிராம் மண்ணில் காரநிலை 8.5 உள்ள சோடியம் பைகார்பனேட் கரைசல் 100 மில்லி ஊற்றி, அரை மணி நேரம் குலுக்குவார்கள். கரைசலில் உள்ள கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிட, அதோடு பிணைந்திருந்த பாஸ்பேட் விடுபட்டு வெளியே வரும். களர் மண்ணின் மட்கு காரத்தில் கரைந்து சாற்றைப் பழுப்பாக்கிவிடும். கரித்தூள் போட்டு நிறம் நீக்கினால்தான் மணிச்சத்தின் அளவைக் காட்டும் நீல நிறத்தை அளக்க முடியும். குடுவைக்குள் நடக்கும் இந்த வேதிவினைக்கு நெருங்கிய ஒன்றை, களர் மண் வயலிலேயே ஆண்டு முழுதும் நடத்திக்கொண்டிருக்கிறது. இந்த வரலாற்றின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

1969இல் தொடங்கப்பட்ட மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் கர்னாலில் வேலையைத் தொடங்கியபோது, காரநிலை 10ஐத் தாண்டிய நிலங்கள் அங்கே கண்முன் கிடந்தன. எக்டேருக்கு 10 முதல் 15 டன் ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி, நெல்லும் கோதுமையும் மாற்றி மாற்றி விளைவித்தார்கள். சாப்ரா, ஆப்ரோல், சிங் ஆகியோர் 1981இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. திருத்தாத களர் மண்ணில் கிட்டும் மணிச்சத்து மிகுதி. அதனால் முதல் சில ஆண்டுகளுக்கு மணிச்சத்து உரம் இட்டும் விளைச்சல் கூடவில்லை. அந்த ஆண்டுகளில் உண்மையான குறை தழைச்சத்தும் துத்தநாகமும்தான். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை விரட்டும்போது பாஸ்பேட்டையும் பிடித்துக்கொள்கிறது. ஒரு பங்கு நீரோடு கீழே இறங்குகிறது. மற்றொரு பங்கைப் பயிர் எடுத்துக்கொள்கிறது. இப்படி மேல்மண்ணின் கையிருப்பு ஆண்டுக்கு ஆண்டு கரைந்தது. வேர் ஆழமில்லாத நெல் முதலில் உரத்துக்கு இணங்கியது, கோதுமை பின்னால் வந்தது.

தீவனப் பயிர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். கர்னால் புல் ஜிப்சம் இல்லாமலே களரில் வளரும். அதன் வேர் விடும் கரியமில வாயு மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கிறது. இதே வழிமுறையைச் சோளக் கலப்பினத் தீவனத்தில் ராபின்ஸ் 1986இல் விளக்கினார். ஆகவே புல்லை முதலில் விதைக்கும் உழவர் அந்த ஆண்டுகளில் சூப்பர் பாஸ்பேட் வாங்கத் தேவையில்லை. ஏழை உழவருக்கு இது சிறிய சேமிப்பல்ல. ஆனால் புல்லை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் மணிச்சத்து வயலை விட்டுப் போகிறது, சாணம் திரும்பி வந்தால்தான் அதில் ஒரு பகுதியாவது மீளும். பின்னால் வரும் பயறுவகைத் தீவனமான பெர்சீமை ஒரே பருவத்தில் பலமுறை அறுப்பார்கள். அதன் வேர்முடிச்சுகளுக்கும் மணிச்சத்து வேண்டும். அந்தக் கட்டத்தில், மணிச்சத்து உரம் வேண்டாம் என்ற பழைய பரிந்துரையைப் பிடித்துக்கொண்டிருப்பது தவறு.

உவர் நிலத்தின் கதை வேறு. அங்கே சோடியம் கார்பனேட்டுக்குப் பதில் குளோரைடும் சல்பேட்டும், கூடவே கால்சியமும் மக்னீசியமும் நிறைந்திருக்கும். பாஸ்பேட் படிந்துபோகும். எஞ்சியதன் செயல்திறனும் உப்புச் செறிவால் குறையும். ஷாம்பினோல் 1979இல் தொகுத்ததில், உவர் மண்ணில் மணிச்சத்து இட்டபோது 37 பயிர்களில் 34இன் விளைச்சல் கூடியது. அதனால் உப்பைத் தாங்கும் திறனும் கூடிவிட்டது என்று கொள்ள முடியாது. களருக்கும் உவருக்கும் ஒரே உர அட்டவணை எழுதுவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

இன்னொரு நடைமுறைக் குறையும் இருக்கிறது. மண் மாதிரியை 15 செ.மீ. ஆழம் வரை எடுப்பதே வழக்கம். திருத்திய களரில் நீரோடு இறங்கிய மணிச்சத்து அதற்குக் கீழே தங்கியிருக்கலாம். குதிரை மசாலின் வேர் அங்கே போய்விடும், பெர்சீமின் வேர் பெரும்பாலும் மேலேயே நிற்கும். தீவன வயல்களில் 15 முதல் 30 செ.மீ. அடுக்கையும் தனியே எடுத்துச் சோதித்து, எந்தப் பயிர் வரப்போகிறது என்பதைப் பார்த்த பிறகே உர அளவைக் குறிக்க வேண்டும்.