பெரிய பெட்டியின் ஆயுள்: ரியர் புரொஜெக்‌ஷன் டிவிகள் பற்றி ஒரு குறிப்பு

"எத்தனை வருஷம் உழைக்கும்?" டிவி வாங்கப் போகும் எவரும் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி இது. ரியர் புரொஜெக்‌ஷன் டிவியைப் பொறுத்தவரை இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு பெட்டி. உள்ளே நாலைந்து விதமான சாமான்கள், ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் கிழடாகிக்கொண்டிருக்கும். ஆனால் இந்த டிவிகளைக் கடைசியில் கொன்றது அந்தக் கிழட்டுத்தனம் இல்லை என்பது என் கட்சி.

2000-க்குப் பிறகு பிறந்தவர்கள் இதைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. அலமாரி உயரம், 43 முதல் 60 அங்குலம் வரை திரை, பக்கவாட்டில் நின்று பார்த்தால் படம் மங்கிவிடும். சென்னையில் ஹோட்டல், கிளப் மாதிரி இடங்களில் கிரிக்கெட் காட்ட வைத்திருப்பார்கள். வீடுகளில் அபூர்வம். எங்கள் அசோக் நகர் பதினோராவது அவென்யூ பக்கம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களோடு கப்பலில் கொண்டுவந்தது. அதன் முதுகைக் கழற்றி உள்ளே பார்த்த நாளிலிருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

இப்படி ஒரு பிராணி ஏன் தேவைப்பட்டது? பிக்சர் டியூப் என்பது வெற்றிடம் அடைத்த கண்ணாடிக் குடுவை. திரை பெரிதாகப் பெரிதாகக் காற்றழுத்தத்தைத் தாங்கக் கண்ணாடியும் தடித்துக்கொண்டே போக வேண்டும். 1989இல் சோனி 43 அங்குல டியூப் டிவி ஒன்றைச் செய்தது, எடை சுமார் 200 கிலோ. அதற்கு மேல் அந்த வழியில் போக முடியாது. சின்ன டியூபில் படத்தை உண்டாக்கி லென்ஸ் வைத்துப் பெரிதாக்கு என்பதுதான் மாற்று யோசனை. அது அதைவிடப் பழசு. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி 1947லேயே 5 அங்குல டியூபிலிருந்து 20 அங்குல அகலத்துக்குப் படம் விழும் டிவியை விற்றது. வானத்தைப் படம் பிடிக்க பெர்ன்ஹார்ட் ஷ்மிட் வடிவமைத்த தொலைநோக்கியின் ஒளியியல்தான் அதற்குள் இருந்தது.

நான் பார்த்த பெட்டியில் டியூப் மூன்று. சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் 7 அங்குலம். மூன்றும் மேல்நோக்கி ஒளியை வீச, சாய்ந்து நிற்கும் பெரிய கண்ணாடி அதைத் திரையின் முதுகில் அடிக்கும். அத்தனை சின்ன டியூப் அவ்வளவு பெரிய திரையை நிரப்ப வேண்டுமானால் அதை விரட்டி வேலை வாங்கியாக வேண்டும். சூடு தாங்காது. அதனால் டியூப் முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே எத்திலீன் கிளைக்கால், கிளிசரின் கலந்த திரவம் நிரப்பியிருப்பார்கள், கார் ரேடியேட்டர் மாதிரி. வருஷங்கள் போனால் அந்தத் திரவம் கலங்கும், சில சமயம் பூஞ்சை பிடிக்கும். படம் புகை மூட்டத்தில் தெரிவது போல ஆகும். "டியூப் போச்சு" என்று பெட்டியையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு. திரவத்தை வடித்து, கழுவி, புதிதாக நிரப்பினால் பளிச்சென்று திரும்பிவிடும். ரப்பர் சீல் கசிந்து போர்டின் மேல் சொட்டினால் மட்டும் கதை வேறு.

அடுத்தது கன்வெர்ஜென்ஸ். மூன்று நிறப் படங்களும் அச்சுப் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு தடித்த ஐ.சி.கள் உண்டு. நாள் முழுக்கக் கொதிப்பது அவற்றின் தலையெழுத்து. போய்விட்டால் மோசமாக அச்சடித்த சினிமா போஸ்டர் மாதிரி எழுத்துக்குச் சிவப்பு, நீல நிழல் முளைக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அந்த ஐ.சி.களை மாற்றினால் சரியாகிற விஷயம்தான். சரியாகாதது டியூபில் பதிந்த தழும்பு. ஒரே சேனலின் லோகோ வருஷக்கணக்கில் ஒரே மூலையில் எரிந்தால் அந்த இடத்துப் பாஸ்பர் தேய்ந்துபோகும். சிங்கப்பூர் பெட்டியில் சேனலை மாற்றினாலும் பழைய சேனலின் லோகோ ஆவி மாதிரி நின்றது. கான்ட்ராஸ்டைப் பாதியில் வைத்திருந்தால் இது வெகுவாகத் தள்ளிப்போயிருக்கும். கடைகளில் பளபளப்புக்காக அதை உச்சத்தில் வைப்பார்கள், வீட்டிலும் அப்படியே இருந்துவிடும்.

இதற்கு மேல் நம்ம ஊர் வெயில். போர்டில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் மேல் '105 டிகிரி' என்று அச்சடித்திருக்கும். அந்தச் சூட்டில் 2,000 மணி நேரம் தாங்கும் ரகம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. பெட்டிக்குள் 65 டிகிரி என்றால் 32,000 மணி, 75 டிகிரி என்றால் 16,000 மணி. ஏ.சி. இருக்கும் அறைக்கும் சித்திரை மாத ஹாலுக்கும் உள்ள 10 டிகிரி வித்தியாசத்தில் பாதி ஆயுள் போய்விடுகிறது. சுவரோடு ஒட்டி வைத்து, மேலே கொலு பொம்மையும் துணி விரிப்பும் வைத்தால் இன்னும் மோசம்.

பிறகு வந்த தலைமுறையில் டியூப் இல்லை. ஒரு பாதரச விளக்கு, அதன் ஒளியை வெட்டிப் படமாக்கும் சிப். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987இல் கண்டுபிடித்த நுண்கண்ணாடிச் சிப் இதில் ஒரு வகை, எல்.சி.டி. பலகை இன்னொரு வகை. விளக்குக்குக் கம்பெனிகள் சொன்ன ஆயுள் பெரும்பாலும் 6,000 முதல் 8,000 மணி. தினம் 5 மணி நேரம் பார்க்கும் வீட்டில் மூன்றேகால் முதல் நாலரை வருஷம். அது பல்பு மாதிரி மாற்ற வேண்டிய சாமான் என்பதை வாங்கும்போது எத்தனை பேருக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எரியும்போது அதற்குள் சுமார் 200 மடங்கு வளிமண்டல அழுத்தம் இருக்கும். டிவியை அணைத்த பிறகும் விசிறி ஓடி அதைக் குளிர்விக்க வேண்டும். 2012இல் சென்னையில் தினமும் 2 மணி நேரம் கரன்ட் கட் இருந்ததே, அது இந்த விளக்குகளுக்குச் சனி பிடித்த காலம். யு.பி.எஸ். இல்லாத வீட்டில் ஒவ்வொரு கட்டுக்கும் விசிறியும் சேர்ந்தே நின்றது.

இவ்வளவு நோய் இருந்தும், சொல்லப்போனால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் உண்டு. சிப்பில் சிக்கிக்கொண்ட நுண்கண்ணாடிகளால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வந்தால் சிப்பை மாற்றலாம். எல்.சி.டி. வகையில் நீல வெளிச்சம் பட்டுப் பட்டு போலரைசர் கருகி மஞ்சள் கறை விழுந்தால் அந்தப் பாகத்தையே மாற்றலாம். பிறகு ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை?

இங்கேதான் நம்முடைய சாதாரண டியூப் டிவியோடு ஒப்பிட வேண்டும். மெட்ராஸ் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. அந்தக் காலத்து டயனோரா, சாலிடேர் எல்லாம் இந்த ஊர் டிவிகள். பிறகு 2006 செப்டம்பரில் தொடங்கி ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அரசு 14 அங்குல கலர் டிவி கொடுத்தது. தெருவுக்கு ஒரு மெக்கானிக் பிழைக்கும் அளவுக்குக் கூட்டம் இருந்தது. போர்டு போனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'சைனா கிட்' வாங்கி, டியூபை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மாட்டிவிடுவார்கள். எந்தக் கம்பெனி டிவி என்ற கேள்வியே இல்லை. பெயர்ப்பலகை மட்டும் பழசு, உடம்பு முழுக்கப் புதுசு.

ரியர் புரொஜெக்‌ஷனுக்கு அப்படி ஒரு பொதுக் கிட் வரவே இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் தனிப் போர்டு, தனி விளக்குக் கூடு. எங்கள் பகுதி மெக்கானிக் அந்தச் சிங்கப்பூர் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "டியூப்ல ஒண்ணும் இல்ல சார். ஐ.சி. கெடச்சாலும் போட்டுடுவேன். அப்புறம் லைன் சேர்க்கறதுக்கு ரிமோட்ல சர்வீஸ் மெனு உள்ள போகணும், அதுக்கு மேனுவல் வேணும். அது யார்கிட்ட சார் இருக்கு?" அவர் ஆயிரக்கணக்கில் டியூப் டிவி பார்த்தவர். இந்த ரகம் அவர் கைக்கு வந்தது இரண்டோ மூன்றோ.

சோனி 2007 டிசம்பரில் இந்தத் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. கடைசியாக நின்ற மிட்சுபிஷி 2012 டிசம்பரில் நிறுத்தியது. தட்டை டிவி விலை இறங்கிவிட்ட பிறகு யாரும் அழவில்லை. அன்றைக்கு நல்ல நிலையில் இருந்த பெட்டிகளுக்கும் அந்தத் தேதியிலிருந்தே ஆயுள் எண்ணப்பட ஆரம்பித்தது, ஏனென்றால் கிடங்கில் மிச்சமிருந்த விளக்கும் ஐ.சி.யும்தான் இனி அவற்றின் மூச்சு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி அசோக் நகர், ஜாஃபர்கான்பேட்டை, மேற்கு மாம்பலம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது தரைத்தளத்தில் இருந்தவர்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். இரண்டு பேர் சேர்ந்தும் அசைக்க முடியாத ஒரு பெட்டியை யார் தூக்குவார்கள்? தண்ணீர் வடிந்த பிறகு தெருவோரக் குவியல்களில் டியூப் டிவிகள் கணக்கில்லாமல் கிடந்தன.

சிங்கப்பூர் பெட்டி மேல் மாடியில் இருந்ததால் தப்பித்தது, இன்னும் ஓடுகிறது. செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பி போட்டு மாலையில் ஒரு மணி நேரம் பழைய படம் பார்க்கிறார்கள். உங்களிடமும் ஒன்று இருந்தால் இரண்டு விஷயம். உள்ளே இருக்கும் கண்ணாடிக்குப் பூச்சு முன்பக்கம் இருக்கும், கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தைப் போட்டுத் தேய்த்தால் பூச்சே உரிந்து வந்துவிடும், மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். அணைத்துப் பல நாள் ஆனாலொழிய டியூப் பக்கம் கை வைக்காதீர்கள், அப்போதும் தெரிந்தவரை வைத்து டிஸ்சார்ஜ் செய்த பிறகுதான். அங்கே ஓடுவது முப்பதாயிரம் வோல்ட் கணக்கு.

காயலான் கடைக்குப் போடுவதாக முடிவெடுத்தால் திரையின் பின்னால் இருக்கும் ஃப்ரெனெல் லென்ஸை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாம். அப்பளம் போல மெல்லிய பிளாஸ்டிக் தகடு, ஆள் உயரப் பூதக்கண்ணாடிக்குச் சமம். மொட்டை மாடியில் வெயில் படும்படி மட்டும் சாய்த்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடாதீர்கள். குவியும் இடத்தில் மரக்கட்டை சில நொடிகளில் பற்றிக்கொள்ளும்.