சோதனையும் இடறலும்
கெடாவின் கள்ளுக்கடைகளும் கிறிஸ்தவச் சிந்தனையும்

கெடா மாநிலத்தில் ஜெராய் மலையின் மேற்கு அடிவாரத்தில், கடலை நோக்கிப் பரந்து கிடப்பது யான் வட்டாரம். நெல் வயல்களுக்குப் பேர் பெற்றது அப்பகுதி. மலையைச் சுற்றிக் கிழக்காகவும் தெற்காகவும் சென்றால், குரூண், பீடோங், சுங்கைப் பட்டாணி என்னும் ஊர்களை ஒட்டி ரப்பர்த் தோட்டங்கள் தொடங்கும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தோட்டங்களிற் குடியேறிய தமிழர் வாழ்க்கையில், கோயிலும் பள்ளியும் பெரட்டுக்களமும் போலவே, கள்ளுக்கடையும் ஓரிடம் பெற்றிருந்தது.

குடித்துக் கெட்டவன் பழிக்கு ஆளானான். அவன் மனைவி மக்கள் பட்டினிக்கு ஆளாயினர். ஆனால் அந்தக் கேட்டிற்குப் பொறுப்பாளி யார்? ஆசையை அடக்க மாட்டாதவன் மட்டுந்தானா? அவன் லயத்துக்கு அருகிலேயே கடையை வைத்தவர்களுக்கு அதிற் பங்கில்லையா? 1947ஆம் ஆண்டு கெடாத் தோட்டங்களில் இவ்வினா வெறும் பேச்சாக நில்லாமல் போராட்டமாகவே வெடித்தது. மனித ஆசை, சோதனை, வீழ்ச்சி ஆகியவற்றைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ள கிறிஸ்தவச் சமயம் இவ்வினாவுக்கு என்ன விடை தருகிறது என்பதை வரலாற்று முறையில் நோக்குவது பயனுடையது.

சோதனை என்னும் சொல்

கிறிஸ்தவ வழிபாட்டு மொழிகள் தமிழில் ஒழுங்காக அமையத் தொடங்கியது பதினாறாம் நூற்றாண்டில். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542ஆம் ஆண்டு பணியாற்ற வந்த பிரான்சிஸ் சேவியர், இரு மொழியும் அறிந்தோர் துணைகொண்டு முதன்மையான மன்றாட்டுகளைத் தமிழில் ஆக்கிக் கொண்டார். அவரே 1545ஆம் ஆண்டு மலாக்காவுக்கு வந்து, அதே மன்றாட்டுகளை மலாய் மொழியிலும் பெயர்க்கச் செய்தார். தமிழ்க் கடற்கரையும் மலாய்க் கடற்கரையும் ஒரே மன்றாட்டை ஏறக்குறைய ஒரே காலத்திற் கற்றன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அவர் வழியில் வந்த அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சிட்டார். இந்திய மொழி எழுத்துகளில் அச்சான முதல் நூல் என்னும் பெருமை அதற்குரியது. 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்குரிய கையேடு ஒன்றையும் அவர் தமிழில் வெளியிட்டார். மனிதன் தன் உள்ளத்தைத் தானே துருவி ஆராய்வதற்கென அச்சேறிய முதல் தமிழ் நூல் எனலாம்.

தீமைக்கு இழுக்கும் தூண்டுதலைக் குறிக்கத் தமிழ்க் கிறிஸ்தவரிடையே நிலைபெற்ற சொல் 'சோதனை' என்பது. இச்சொல் இருமுகம் கொண்டது. பொன்னைத் தீயிலிட்டு மாற்றுப் பார்ப்பதும் சோதனை. வீழ்த்தும் நோக்கத்தோடு ஆசை காட்டுவதும் சோதனை. மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வுக்கும் அதுவே பெயர். இந்த இருபொருள் தமிழின் குறையன்று. புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்திலும் 'பெய்ராஸ்மொஸ்' என்னும் ஒரே சொல்லே இரண்டையும் குறிக்கிறது.

இதனால் ஒரு சிக்கல் எழுந்தது. இயேசு கற்பித்த மன்றாட்டில், சோதனையினின்று காக்குமாறு இறைவனை வேண்டும் அடி ஒன்றுண்டு. இறைவனே மனிதனைத் தீமைக்குள் நடத்திச் செல்கிறானோ என்று ஐயுறும்படி சில மொழிபெயர்ப்புகள் அமைந்துவிட்டன. யாக்கோபின் திருமுகமோ, இறைவன் எவரையும் தீமைக்குத் தூண்டுவதில்லை என்றும், ஒவ்வொருவனும் தன் சொந்த இச்சையாலேயே இழுக்கப்படுகிறான் என்றும் தெளிவாகக் கூறுகிறது. பிரெஞ்சு மொழிக் கத்தோலிக்கர் 2017 டிசம்பர் 3 முதல் அவ்வடியைத் திருத்தி வழங்குகின்றனர். இத்தாலியர் 2020இல் மாற்றினர். ஆனால் தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய மன்றாட்டிலோ 'விழவிடாதேயும்' என்னும் வினை முன்னரே அமைந்திருந்தது. சோதனை வாராதிருக்க வேண்டும் என்பதினும், வரும்போது வீழாதிருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

ஆசை பாவமா?

சோதனைக்கு உட்படுவதே பாவமாகுமா? ஆகாது என்பது கிறிஸ்தவச் சபையின் பொதுக் கொள்கை. பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்த இயேசுவே சோதிக்கப்பட்டார் என்று நற்செய்தி நூல்கள் கூறுவதால், சோதனை வேறு, பாவம் வேறு என்பது தெளிவு. ஆசை என்பதும் தன்னளவில் இழுக்கன்று. பாவ இச்சையைக் குறிக்கும் அதே கிரேக்கச் சொல்லைத்தான், சீடரோடு பாஸ்கா உணவை உண்ண இயேசு கொண்ட பேராவலுக்கும் லூக்கா ஆளுகிறார்.

வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அகுஸ்தீனார் (354-430) வீழ்ச்சி நிகழும் முறையை மூன்று படிகளாகப் பகுத்துக் காட்டினார். முதலாவது, தூண்டுதல், கண்ணாலோ நினைவாலோ ஒரு பொருள் முன்வந்து நிற்கிறது. இரண்டாவது, இன்புறுதல், உள்ளம் அதிற் சுவை காண்கிறது. மூன்றாவது, இசைதல், அறிவு அதற்கு உடன்படுகிறது. மூன்றாம் படியிலேதான் பாவம் முற்றுப்பெறுகிறது. ஏதேன் தோட்டத்துக் கதையையே அவர் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார்: பாம்பு தூண்டுதல், ஏவாள் இன்புறுதல், ஆதாம் இசைவு.

உள்ளத்தில் எஞ்சி நிற்கும் தீய நாட்டத்தைப் பற்றிப் பிற்காலத்தில் சபைகள் கருத்து வேறுபட்டன. ஞானஸ்நானம் பெற்றவரிடம் எஞ்சும் இச்சையும் உண்மையாகவே பாவந்தான் என்பது லூத்தர் வழியினர் கொள்கை. அது பாவத்தினின்று பிறந்தது, பாவத்துக்குச் சாய்வது, ஆயினும் தானே பாவம் ஆகாது என்று 1546ஆம் ஆண்டு திரெந்து சங்கம் தீர்ப்பளித்தது. அறிந்த கட்டளையை மனமாரக் கடப்பதே முறையாகப் பாவம் எனப்படும் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி விளக்கினார். இம்மூன்று மரபுகளும் மலாயாவுக்கு வந்து சேர்ந்தன. பினாங்கில் 1808இல் கத்தோலிக்கக் குருமடம் நிலைபெற்றது. மெதடிஸ்டுச் சபை 1885இல் சிங்கப்பூரிற் கால்கொண்டது. தமிழ் லூத்தரன் சபை 1907இல் மலாயாவில் தோன்றியது. இசைவே வீழ்ச்சியை முடிக்கிறது என்பதில் இவை பெரிதும் மாறுபடவில்லை.

பழக்கம் என்னும் சங்கிலி

அங்ஙனமாயின் குடிகாரனே முழுப் பொறுப்பாளி என்று முடித்துவிடலாமா? அகுஸ்தீனார் அவ்வளவு எளிதில் முடிக்கவில்லை. ஏறத்தாழ 397ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய தம் வாழ்க்கை வரலாற்றில், தம் தாயார் மோனிக்காவைப் பற்றி அவர் ஒரு செய்தி கூறுகிறார். சிறுமியாக இருந்தபோது வீட்டுக்குத் திராட்சை மது எடுத்து வர அனுப்பப்பட்ட மோனிக்கா, விளையாட்டாக நுனிநாவால் சுவைத்தார். நாள்தோறும் சிறிது கூடியது. கடைசியில் கிண்ணம் நிறையக் குடிக்கலானார். ஒருநாள் வேலைக்காரப் பெண் சினத்தில் அவரைக் குடிகாரி என்று இகழவே, நாணித் திருந்தினார்.

தம் இளமையில் நண்பரோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதையும் அவர் மறைக்கவில்லை. பசிக்காகத் திருடவில்லை; தனியாக இருந்திருந்தால் திருடியே இருக்கமாட்டேன் என்பது அவர் ஒப்புதல். கோணிய விருப்பம் இச்சையாகி, இச்சை பழக்கமாகி, எதிர்க்காத பழக்கம் கட்டாயமாகிவிடும் என்று அவர் கண்டார். கூட்டுறவும் பழக்கமும் சேர்ந்து இசைவைத் தளர்த்தி விடும் என்பது இவற்றாற் பெறப்படும்.

நாள் முழுதும் பால்மரம் வெட்டிக் களைத்தவனுக்கு, ஊரும் உறவும் கடலுக்கு அப்பால் இருக்க, மாலைப்பொழுதைக் கழிக்க வேறிடம் இல்லாதபோது, கள்ளுக்கடையே கூட்டுறவாகவும் களைப்பு நீக்கமாகவும் ஆகிவிட்டதில் வியப்பில்லை. முதல் நாள் இசைவும் பத்தாம் ஆண்டின் இசைவும் ஒரே தன்மையன அல்ல.

இடறல் வைப்போர்

விவிலியத்தில் சோதனைக்கு இணையாக நின்று, அதனினும் குறைவாகப் பேசப்படும் சொல் ஒன்றுண்டு, அது 'இடறல்'. அதன் கிரேக்க மூலமாகிய 'ஸ்கந்தலொன்', பொறியில் இரை கட்டித் தட்டியவுடன் விழச் செய்யும் குச்சியைக் குறித்தது. குருடனுக்கு முன் தடுக்குக்கல் வைத்தலை மோசேயின் சட்டம் விலக்கியது. சிறியோர்க்கு இடறல் வைப்பவன் கழுத்தில் எந்திரக்கல் கட்டிக் கடலில் ஆழ்த்தப்படுவதே அவனுக்கு நலம் என்று இயேசு கடுமையாகக் கூறினார். சகோதரன் இடறுவானாயின் இறைச்சியும் மதுவும் தவிர்ப்பதே நன்று என்பது பவுலின் அறிவுரை. ஏதேன் கதையிலும், உண்டவர் இருவர் மட்டும் தண்டிக்கப்படவில்லை. ஆசை காட்டிய பாம்பும் தீர்ப்புப் பெற்றது.

இக்கருத்தை இலக்கியமாக்கியவர் ஜான் பனியன். 1678இல் வெளிவந்த அவர் நூலில், வானகரம் செல்லும் வழி ஒரு மாயச் சந்தையின் ஊடே செல்கிறது. அதை விலக்கி நடக்க வழியில்லை. அச்சந்தையிற் பொருள் வாங்க மறுத்த பயணியரே பிடிபட்டு வழக்குமன்றத்தில் நிறுத்தப்படுகின்றனர், விற்றவர் அல்லர். திருநெல்வேலிச் சீமையின் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900) இந்நூலைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் தமிழ்க் காப்பியத்தை 1894இல் வெளியிட்டார்.

1947: கெடாவில் நிகழ்ந்தது

ஜப்பானியர் ஆட்சிக்குப் பின் கெடாத் தோட்டங்களில் புதிய விழிப்பு உண்டாயிற்று. பீடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தை நடுவாகக் கொண்டு, ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் 'தொண்டர் படை' எழுந்தது. கள்ளை ஒழிப்பதும், தொழிலாளர் வாழ்வைத் திருத்துவதும் அதன் முதன்மையான நோக்கங்கள். அதிற் சேர்ந்தவரிற் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். 1947ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அவர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். பெண்களும் அதிற் கலந்துகொண்டனர். குடிகாரக் கணவனின் கூலி எங்கே போயிற்று என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

கடையை ஆதரித்தோரும் காரணம் கூறாமல் இல்லை. அரசின் உரிமத்தோடு விற்கும் கள், திருட்டுத்தனமாகக் காய்ச்சும் 'சம்சு' சாராயத்தைவிடத் தீங்கு குறைந்தது என்றனர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கடையை அடைக்கக் கோரியவர்களையே அதிகாரம் அடக்க முற்பட்டது. போலீசாரோடு மோதல்கள் நேர்ந்தன, தொழிலாளர் உயிரிழந்தனர், பலர் கைதாயினர், இயக்கம் ஒடுங்கியது. மாயச் சந்தையின் வழக்கு பீடோங்கில் மீண்டும் நடந்தது போலாயிற்று.

அப்பெண்களும் தொண்டர்களும் அகுஸ்தீனாரைக் கற்றவர் அல்லர். எனினும், குடிப்பவனைத் திருத்துவதும் கடையை அகற்றுவதும் ஒருசேர நடக்கவேண்டும் என்பதை அவர்கள் தம் செயலாற் காட்டினர். 'குடிக்காதே' என்று கணவனுக்குச் சொன்னவர்களே 'விற்காதே' என்று கடைக்காரனுக்கும் சொன்னார்கள். முன்னது இசைவைப் பற்றிய அறிவுரை. பின்னது இடறலைப் பற்றிய கண்டனம்.

பின்னாளில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணங்களிற் குடியேறினர். சூதும் கடனும் இன்று கைப்பேசி வழியே வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கின்றன. வீழ்ந்தவனை இகழ்வது எளிது. வீழ்ந்தவன் தன் இசைவுக்கு விடை சொல்லத்தான் வேண்டும். ஆயின் அவன் வழியில் கல்லை வைத்து அதில் ஊதியம் கண்டவனும் அதே மன்றத்தில் நின்று விடை சொல்ல வேண்டியவனே என்பதுதான் இடறலைப் பற்றிய அப்பழைய போதனை.