கொங்கிரீட் என்ற ஒரு சொல்

பதுளைக் கோச்சி எல்ல நிலையத்தை விட்டுத் தெமோதரைக்கு இறங்கும் வழியில் ஒன்பது வளைவுப் பாலம் வருகிறது. நீளம் 300 அடி, உயரம் 80 அடி, அகலம் 25 அடி. கீழே பள்ளத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு துண்டு வானம் தெரியும். இதைக் கட்டியவர் யார் என்று பாலத்தருகே இளநீர் விற்கிறவர்களிடம்தான் முதலில் கேட்டேன். ஒருவர் விடாமல் சொன்ன பெயர் பி. கே. அப்புஹாமி.

கதை இப்படிப் போகிறது. முதல் உலகப் போருக்காக இரும்பையெல்லாம் இங்கிலாந்து எடுத்துக்கொண்டது. பால வேலை நின்றுபோனது. வெலிமடைப் பக்கத்தில் பேயாட்டம் ஆடி மேளம் அடித்துப் பிழைத்த அப்புஹாமி வந்து, கல்லும் செங்கல்லும் சீமெந்தும் இருந்தால் போதும், நான் கட்டுகிறேன் என்றார். வெள்ளைக்காரத் துரைமார் நம்பவில்லை. அப்புஹாமி கட்டி முடித்து, முதல் கோச்சி ஓடிய அன்று அதன் உறுதியைக் காட்டப் பாலத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

கேட்கும்போது மெய் சிலிர்க்கிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது இடறியது. போர் முடிந்தது 1918 நவம்பரில். பாலம் முடிந்தது 1921இல். கோச்சி பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924 ஏப்ரல் 5ஆம் திகதி. பண்டாரவளைக்கு 1894இலேயே வந்துவிட்ட பாதை அது. பதுளை வரை போட்ட தண்டவாளம் முழுக்க உருக்குத்தான். அத்தனை மைலுக்குத் தண்டவாளம் கிடைத்திருக்க, ஒரு பாலத்துக்கு மட்டும் இரும்பு இல்லாமல் போனதா? இந்தக் கேள்வியோடு காகிதங்களின் பக்கம் திரும்பினேன்.

இலங்கைப் பொறியியலாளர் சங்கம் 1906இல் தொடங்கியது. பொறியியலாளர்கள் தாங்கள் செய்த வேலையைக் கட்டுரையாக்கிச் சக பொறியியலாளர்கள் முன் வைத்த இடம் அது. பொறியியலாளர் விமலசுரேந்திர நீர்மின்சாரத்தைப் பற்றி 1918இல் கட்டுரை வைத்ததும் இதே சங்கத்தில்தான். 1923இல் சங்கம் வெளியிட்ட ஓர் அறிக்கையின் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘இலங்கையில் ஒரு கொங்கிரீட் ரயில் உயர்பாலத்தின் நிர்மாணம்’ என்று வரும். ஒன்பது வளைவுப் பாலத்தின் திட்டமும் வரைபடங்களும் அதில் இருக்கின்றன. பாலத்தை வடிவமைத்தவர் இலங்கை அரசாங்க ரயில்வேயின் நிர்மாணப் பிரிவைச் சேர்ந்த ஹெரால்ட் கத்பர்ட் மார்வுட்.

மார்வுட் என்ற பெயரைவிட, ‘கொங்கிரீட்’ என்ற சொல்தான் என்னை அங்கேயே உட்காரவைத்தது. ஊர்க்கதை இந்தப் பாலத்தை இரும்பு இல்லாத குறைக்குச் செய்த மாற்று வேலையாகச் சொல்கிறது. வேலையைச் செய்தவர்களோ அதைக் கொங்கிரீட் பாலம் என்று நெஞ்சை நிமிர்த்தித் தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள்.

கொங்கிரீட் நெருக்கலை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வீட்டுக்குத் தட்டு போடும்போது அடிப்பக்கத்தில் கம்பி கட்டுவது அதனால்தான். பாரம் ஏறினால் தட்டின் அடிப்பக்கம் இழுபடும். வளைவில் அந்தத் தொல்லை இல்லை. மேலே கோச்சி ஏற ஏற, வளைவின் ஒவ்வொரு பகுதியும் பக்கத்துப் பகுதியை நெருக்கும்; பாரம் தூண்கள் வழியாக மண்ணுக்குப் போய்விடும். ஆகவே கம்பி இல்லாமலே நிற்கும். இன்னொன்று, பாதை அந்த இடத்தில் வளைந்து போகிறது. நேரான இரும்பு உத்தரத்தை வளைந்த பாதைக்குப் பொருத்துவது சிரமம். குட்டிக் குட்டி வளைவுகளை வரிசையாக வைத்தால் பாதையோடு சேர்ந்து பாலமும் திரும்பும். நீண்ட உத்தரங்களை மலைவளைவுகளில் இழுத்து வருவதைவிட சீமெந்து மூட்டைகளைக் கொண்டுவருவது எளிது. மார்வுட் செய்தது கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றிய வேலை அல்ல, இடத்துக்குப் பொருந்திய தெரிவு. இது என் தீர்மானம்.

தெமோதரை நிலையத்தில் அப்புஹாமி கதைக்கு இணையான இன்னொரு கதை இருக்கிறது. அங்கே பாதை மலையைச் சுற்றி இறங்கி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. ஒரு தோட்டத்துக் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு அந்த யோசனை வந்ததாம். பாலத்துக்கு ஒரு சிங்களக் கிராமத்தவர், சுற்றுப்பாதைக்கு ஒரு தமிழ்க் கங்காணி. இந்தக் கதைகளைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அறிக்கையில் பொறியியலாளரின் பெயர் நிற்கிறது. கல் உடைத்தவர்களுக்கும் சாந்து சுமந்தவர்களுக்கும் நிற்க இடம் கிடைத்தது கதையில் மட்டும்தான்.

மலையகத்துக் கோச்சிப் பாதை 1860களில் தொடங்கிய நாளிலிருந்தே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. அவர்களைப் போலவே வந்து தோட்டங்களில் உழைத்தவர்களைக் கட்டிவைத்த துண்டு முறையை, பாலம் முடிந்த அதே 1921இல்தான் சட்டம் ஒழித்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடனை யாராவது அடைத்தால் ஆளை விடுவேன் என்று துரை எழுதித் தந்த சீட்டுத்தான் துண்டு. மனிதனின் பெயரும் கடனும் ஒன்றாக ஏறிய காகிதம் அது. பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் பாடுபட்டு அதை ஒழித்தார்கள். கொடுமையான காகிதம்தான், ஆனாலும் நம் பாட்டன்மாரின் பெயர்கள் எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சீட்டுகளிலும், செக்ரோல் என்ற தோட்டப் பதிவேடுகளிலும்தான்.

பதுளை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளைப் பக்கத்து லயங்களில் பழைய தகரப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கங்காணிக் கணக்கு, துண்டு, சம்பளச் சீட்டு, கோச்சிப் பாதை வேலையில் எடுத்த படம் என்று எது இருந்தாலும் எரித்துவிடாதீர்கள், கரையானுக்கும் விடாதீர்கள். ஒரு படி எடுத்து அருகிலுள்ள நூலகத்திலோ பாடசாலையிலோ கொடுத்து வையுங்கள். பெட்டிக்குரிய பாட்டனோ பாட்டியோ உயிரோடு இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.